மேலத்தெரு வீடு: செவ்வாய் இரவு

செல்வி, 7:38
மாமா இரவு மாத்திரை வேண்டாம் என்கிறார். மாரடைப்புக்குப் பிறகு இரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுத்த டிகாக்ரெலார் போட ஆரம்பித்த நாளிலிருந்துதான் மூச்சு வாங்குகிறதாம். மருந்துக் கடையில் கேட்டேன். குளோபிடோகிரெல் கொடுங்கள், இரண்டும் ஒன்றுதான், விலையும் குறைவு என்கிறார்கள். எட்டரைக்குப் போட வேண்டும். என்ன செய்வது?

கயல், 7:39
அப்பாவுக்கு மறுபடியுமா???

முருகேசன், 7:41
நான் வேலையில் இருக்கிறேன். தேனு எங்கே?

மீனாட்சி அத்தை, 7:42
கீரை கொடுத்தீர்களா? எனக்கு இதய வால்வு மாற்றியபோது கீரையைத் தொடக்கூடாது என்றார்கள்.

செல்வி, 7:42
நேற்று முருங்கைக்கீரை.

மீனாட்சி அத்தை, 7:43
பார்த்தாயா.

தேன்மொழி, 7:46
இப்போதுதான் வார்டிலிருந்து வெளியே வந்தேன். அண்ணி, முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா? நெஞ்சு வலி, வியர்வை, கால் வீக்கம் ஏதாவது? இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108.

செல்வி, 7:48
இல்லை. பகலில் நன்றாகத் தூங்கினார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இரண்டு நிமிடம் பெருமூச்சு விடுகிறார், பிறகு சரியாகிவிடுகிறது.

தேன்மொழி, 7:50
சரி. அப்படியானால் மாத்திரையின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். 2009-இல் 18,624 நோயாளிகளிடம் இந்த இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டிகாக்ரெலார் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேருக்கு மூச்சு வாங்கியது. குளோபிடோகிரெலில் அது 8 பேர். பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும். ஆனாலும் இதயக் குழாயில் ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழாய் வைத்துப் பதினோரு நாள்தான் ஆகிறது. இதயமே காரணமா என்று பார்க்காமல் நாமே முடிவு செய்யக்கூடாது.

பாலு சித்தப்பா, 7:51
அப்படியானால் எட்டுப் பேர் மருந்துக்கே மாற்றிவிடலாமே.

தேன்மொழி, 7:54
அதே ஆய்வில்தான் சித்தப்பா, ஓர் ஆண்டுக்குள் மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், இரத்தநாளக் காரணத்தால் மரணம் எல்லாம் சேர்த்து டிகாக்ரெலாரில் 9.8 சதவீதம், குளோபிடோகிரெலில் 11.7. இறப்பும் குறைவு. குளோபிடோகிரெல் கல்லீரலில் போய் மாறிய பிறகுதான் வேலை செய்யும். நம் நாட்டில் நிறையப் பேருக்குப் பிறவியிலேயே அந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை. டிகாக்ரெலாருக்கு அந்தத் தடை கிடையாது. ஆனால் அதன் பிடி சீக்கிரம் விட்டுவிடும், அதனால்தான் இரண்டு வேளை. ஒரு வேளையைத் தவறவிட்டால் அது கணக்கில் வரும்.

சேகர், 7:56
எங்கள் மேலாளர் பிரசுகிரெல் சாப்பிடுகிறார். ஒரு வேளை போதுமாம். மாமாவுக்கு ஏன் அது கொடுக்கவில்லை?

தேன்மொழி, 7:58
பெரியப்பாவுக்கு 2015-இல் பக்கவாதம் வந்து வாய் கோணியது நினைவிருக்கிறதா? பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிரசுகிரெல் கூடவே கூடாது, மூளையில் இரத்தம் கசியலாம். மற்றவர்களுக்கு நல்ல மருந்துதான். 2019-இல் வந்த ஓர் ஆய்வில் அது டிகாக்ரெலாரையே முந்தியது. எது உசத்தி என்பதைவிட யாருக்கு எது என்பதுதான் கேள்வி.

மீனாட்சி அத்தை, 7:59
கீரை?

தேன்மொழி, 8:01
தாராளமாகக் கொடுக்கலாம் அத்தை. உங்களுடைய அசிட்ரோம் மாத்திரை வேறு வகை. அது வைட்டமின் கே-யோடு மல்லுக்கட்டும், கீரையில் அது நிறைய இருக்கிறது. பெரியப்பாவின் மாத்திரைகள் இரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தடுப்பவை. இரத்தம் தண்ணீராகிவிடாது. நீங்களும் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் இருந்தால் போதும்.

மீனாட்சி அத்தை, 8:02
ஏழு வருடமாகச் சாப்பிடவில்லை!

கயல், 8:03
ஞாயிறு வளைகாப்பை அப்பா இல்லாமல் நடத்த நான் சம்மதிக்க மாட்டேன். சொல்லிவிட்டேன்.

சேகர், 8:03
வேன் முன்பணம் கொடுத்தாயிற்று. 18 இருக்கை.

பாலு சித்தப்பா, 8:04
வேனுக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. நிலம் அளந்தபோதும் இப்படித்தான்.

முருகேசன், 8:05
சித்தப்பா, இப்போது அது வேண்டாம்.

செல்வி, 8:07
மாமா கேட்கிறார், ஆஸ்பிரின் மட்டும் போட்டால் போதாதா? அன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் கொடுத்துத்தானே பிழைத்தேன் என்கிறார்.

தேன்மொழி, 8:09
அன்றைக்குக் கொடுத்தது மொத்தம் 14 மாத்திரை அண்ணி. ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரெல் நான்கு, கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம். ஆஸ்பிரின் மட்டும் அல்ல. இப்போது உள்ளே புது உலோகம் இருக்கிறது. அதன் மேல் சவ்வு படரும் வரை ஆஸ்பிரின், டிகாக்ரெலார் இரண்டும் வேண்டும், வழக்கமாக ஓர் ஆண்டு.

தேன்மொழி, 8:10
என் அப்பாவுக்கு 2016-இல் மாரடைப்பு வந்தபோது இரத்தக் கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஸ்டென்ட். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பல் பிடுங்க இரண்டு மாத்திரையையும் நிறுத்தினோம். நான்காம் நாள் போய்விட்டார். அப்போது நான் கல்லூரி முதல் ஆண்டு, எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது தெரியும். பெரியப்பா இன்றைக்கு அந்த மாத்திரையைப் போட்டாக வேண்டும்.

பாலு சித்தப்பா, 8:14
பல் மருத்துவரிடம் அண்ணனை நான்தான் கூட்டிப் போனேன்.

மீனாட்சி அத்தை, 8:15
பாலு, அதை விடு.

தேன்மொழி, 8:16
உங்களைச் சொல்லவில்லை சித்தப்பா. அங்கே நிறுத்தச் சொன்னார்கள், நாம் எல்லோரும் கேட்டோம். அண்ணி, வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் வார்டு எண் இருக்கும். கூப்பிட்டு மூச்சு விஷயத்தை அப்படியே சொல்லுங்கள். குளோபிடோகிரெலுக்கு மாற்றுவதானாலும் முதல் வேளை எத்தனை, எந்த நேரம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். கடையில் வாங்கி ஒன்று போடுவது மாற்றுவது ஆகாது.

செல்வி, 8:24
பேசிவிட்டேன். இன்றைக்கு அதையே கொடுக்கச் சொன்னார் டாக்டர். காலையில் அழைத்து வந்தால் இசிஜி, எக்கோ பார்த்துவிட்டு மாற்றலாமா என்று சொல்வாராம். இரவில் மூச்சு கூடினால் காத்திருக்க வேண்டாம் என்றார்.

செல்வி, 8:25
ஆனால் மாமா வாயைத் திறக்கவில்லை. தேனு, நீயே பேசு.

மீனாட்சி அத்தை, 8:29
பேசுகிறாளா?

செல்வி, 8:36
விழுங்கிவிட்டார். “என் தம்பி மகள் சொன்னால் சரி” என்றார். கண் கலங்கிவிட்டது.

கயல், 8:37
🙏🙏

முருகேசன், 8:38
காலையில் தஞ்சாவூருக்கு யார்? எனக்கு விடுப்பு கிடைப்பது சந்தேகம்.

சேகர், 8:40
எனக்குப் பத்து மணிக்கு மேல்தான்.

பாலு சித்தப்பா, 8:47
என் காருக்கு ஒரு டயர் போய்விட்டது. ஆறு மணிக்குள் மாற்றினால் நானே வருகிறேன். அண்ணனிடம் சொல்ல வேண்டாம், நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

செல்வி, 8:48
மாற்றாவிட்டால்?

மீனாட்சி அத்தை, 8:51
தேனு, வாரத்துக்கு எத்தனை கட்டு கீரை?