டி7200-ஐ குடுத்துட்டு சின்ன மிரர்லெஸ்ஸுக்கு போவலாமா?

வெட்டாறு:
அண்ணன்மாருக்கு வணக்கம், திருவாரூர் பக்கம் நான். நிக்கான் டி7200 வச்சிருக்கேன், உள்ள கண்ணாடி வச்ச டிஎஸ்எல்ஆர் கேமரா, 2016ல வாங்குனது, கூட லென்ஸு மூணு, 18-140, பழைய 50 எம்எம் 1.8டி ஒண்ணு, 70-300 ஒண்ணு. தொழிலுக்கு இல்ல, ஆசைக்குத்தான். ரெண்டு வருசமா பீரோவுலயே கெடக்கு. இந்த தடவ ஆழித்தேருக்கு பையன ஒரு தோள்ல தூக்கிக்கிட்டேன், இன்னொரு தோள்ல இந்த மூட்டைய வேற எங்க மாட்றதுன்னு வுட்டுட்டு போய்ட்டேன். வெளிச்சம் மங்குற நேரம், முட்டுக்கட்டை போடுறவரு சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி குனிஞ்சு கட்டைய சொருகுறாரு, எனக்கும் அவருக்கும் பத்தடி கூட இருக்காது, போன்ல எடுத்தா மூஞ்சி பூரா களிம்பு தடவுன மாதிரி வந்துருக்கு. அன்னிக்கு ராத்திரி பூரா அதே நெனப்பு. எல்லாத்தையும் தள்ளிட்டு நிக்கான் இசட்50 மாதிரி உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் சின்னதா ஒண்ணு வாங்கிடவா?

அரசலாறு:
யோசிக்காம வாங்குங்க தம்பி. உங்க கேமரா பாடி, லென்ஸ் இல்லாம பேட்டரியோட 765 கிராம், 18-140 ஒரு 490, ஒண்ணேகால் கிலோ ஆச்சா. இசட்50 450 கிராம், கூட வர்ற 16-50 லென்ஸ் வெறும் 135. பாதி கூட இல்ல. நான் மூணு வருசம் முன்னாடி ஃபியூஜி எக்ஸ்-டி30க்கு மாறுனேன், 27 எம்எம் பான்கேக்ங்கற தட்டை லென்ஸ் போட்டா அரை கிலோவுக்குள்ள நிக்கும், எக்ஸெல் வண்டில முன்னாடி மஞ்சப்பைல போட்டுட்டு தாராசுரம் போய்ட்டு வந்துடுவேன்.

கெட்டிமேளம்:
யோசிக்காம வாங்கறதுக்கு இது என்ன கத்திரிக்காயா. நான் கும்மோணத்துல கல்யாணம் எடுக்குறவன், டி750 ரெண்டு வச்சிருக்கேன், 2014ல வந்த மாடல், இன்னிக்கும் சோறு போடுது. டி7200க்கு ஒரு சார்ஜுல 1100 படம்னு கம்பெனி கணக்கு, இசட்50க்கு முந்நூறு சொச்சம்தான். கார்டு சிலாட்டு அதுல ரெண்டு, இதுல ஒண்ணே ஒண்ணு, அதையும் பேட்டரிக்கு பக்கத்துல கொண்டுபோய் வச்சிருக்கான். தாலி கட்டுற நேரத்துல கார்டு மண்டைய போட்டா மறுபடி ஒரு தடவ கட்டச் சொல்லவா?

இன்னொண்ணு, சிரிக்காதீங்க, என் அசிஸ்டென்ட் பையன் ஒரு தடவ சின்ன மிரர்லெஸ்ஸ எடுத்துட்டு வந்தான், பொண்ணோட மாமா வந்து "என்ன தம்பி, கேமரா இன்னும் வல்லையா"ங்கறாரு.

அரசலாறு:
அவரு கல்யாணமாண்ணே எடுக்குறாரு? பையன தூக்கிட்டு தேர் பாக்கப் போறவருக்கு ரெண்டு கார்டு எதுக்கு?

எடையோட முடிஞ்சுடல விசயம். சாமிமலைல செலை வார்க்கறத எடுக்கப் போயிருந்தேன். மெழுகு வழிஞ்சு போன மண் அச்ச மண்ணுக்குள்ள இறுக்கிப் புதைச்சு வாயி மட்டும் தெரியும், உருக்குன உலோகத்த கயிறு மாதிரி ஊத்துறாங்க, கொட்டகை இருட்டு, அந்த கயிறு மட்டும் சூரியன். ஒரு நிமிசம் இருக்குமா, அவ்ளோதான் ஊத்தறதே. பழைய கேமராவா இருந்தா எடுத்து, பின்னாடி பாத்து, அய்யோ வெளுத்துப் போச்சேன்னு கொறச்சு, மறுபடி எடுக்கறதுக்குள்ள அச்சு ரொம்பிருக்கும். இதுல கண்ண வச்சுப் பாக்கற வியூஃபைண்டர் ஒரு குட்டித் திரை, எடுக்கறதுக்கு முன்னாடி அதுலயே வெளுப்பு தெரியுது, கட்டைவிரலால வெளிச்சத்த ரெண்டு ஸ்டாப், அதாவது கால்வாசிக்கு எறக்குனேன், மொதப் படத்துலயே ஊத்துறவரு கையில ரோமம் பொசுங்கிருக்கறது வரைக்கும் வந்துருச்சு.

கெட்டிமேளம்:
ஒரு புள்ளில மட்டும் வெளிச்சத்த அளக்குற ஸ்பாட் மீட்டரிங்னு ஒண்ணு பழைய கேமராவுலயும் இருந்துச்சு, நீங்கதான் தொடல. அதே வியூஃபைண்டர இருட்டு பிரகாரத்துல வச்சுப் பாருங்க, ரவைய அள்ளித் தெளிச்ச மாதிரி தெரியும், கேமராவ திருப்புனா உருவம் இழுபடும். கண்ணாடில நேரா தெரியறதுதான் நெசம். அப்பறம் சத்தமில்லா ஷட்டர்னு பெருமை பேசுவீங்க, மண்டபத்து எல்இடி லைட்டுல அதைப் போட்டா மாப்ள மேல கோடு கோடா வுழும்.

அரசலாறு:
கோடு வுழுந்தா மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்திக்க வேண்டியதுதான், அது என்ன காணாமலா போச்சு. ஓதுவார் பதிகம் பாடிட்டு இருக்கறப்ப என் பழைய கேமரா டப்புனு அடிச்சு மொத்த சன்னதியும் திரும்பி மொறச்சுது, அதுலேருந்து அந்த சத்தமே எனக்கு ஆவாது. இருட்டுல ரவை தெரியும்ங்கறது மட்டும் நெசம், ஒத்துக்கறேன்.

டிகிரி காபி:
போன் போதும்ங்க. தேர ஏன் ஓட்டைக்குள்ள பாக்கறீங்க, கண்ணால பாருங்க.

உள்ளான்:
காபி ஆறிடப் போவுது, குடிச்சுட்டு வாங்க.

ரெண்டு பேரும் பாடியவே புடிச்சுத் தொங்குறீங்க. நான் வடுவூர் ஏரி, கோடியக்கரைன்னு பறவை பின்னாடி சுத்தறவன். என் 200-500 லென்ஸ் மட்டும் 2300 கிராம். அதுக்குப் பின்னாடி டி500 மாட்டுனா என்ன, இசட்50 மாட்டுனா என்ன, முதுகுக்கு வித்தியாசமே தெரியாது, சின்ன பாடி மாட்டுனா மூக்கு கனத்து கைக்கு அடங்காது. நடுவுல கண்ணாடி இருந்ததால லென்ஸ் மவுண்டுக்கும் சென்சாருக்கும் 46.5 மில்லிமீட்டர் வுட வேண்டியிருந்துச்சு, இசட்ல அது 16தான். ஒடம்பு ஒல்லியாச்சு, சரி. வெளிச்சத்த அள்ளுற நீள லென்ஸுக்கு கண்ணாடிக் குண்டு அதே சைஸுதான் வேணும், அதுல ஏமாத்த முடியாது.

வெட்டாறு தம்பி, ஒரு எச்சரிக்கை. பழைய லென்ஸ இசட்50ல மாட்ட எஃப்டிஇசட்னு அடாப்டர் வாங்குனாலும் உங்க 50 1.8டில ஆட்டோஃபோகஸ் வராது. அந்த லென்ஸுல மோட்டார் கெடையாது, டி7200 பாடிக்குள்ள இருக்கற மோட்டார்தான் திருப்பி வுடுது, எஃப்டிஇசட்ல அது இல்ல. கையால திருப்பணும். இருட்டுல எடுக்க உங்ககிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான். 16-50 கோயிலுக்குள்ள போனா வெளிச்சம் பத்தாம தெணறும், கை ஆட்டத்த அடக்குற ஸ்டெபிலைசரும் இசட்50 பாடில கெடையாது, லென்ஸுல இருக்கறதோட சரி.

பீரோவுலயே கெடக்குன்னீங்களே, ஐப்பசி கார்த்திகை மழைய அங்கயே ஓட்டிருந்தா மொதல்ல லென்ஸ எடுத்து வெயிலுக்கு நேரா புடிக்காம டார்ச் அடிச்சுப் பாருங்க, பங்கஸ்ங்கற பூஞ்சை நூல் நூலா ஓடிருக்கும். நம்மூர்ல பாதி லென்ஸ் சாவறது அதுலதான். செலிக்கா ஜெல்லோட மூடி இறுகுற டப்பால வைங்க. அரிசி ஈரத்த இழுக்கும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, தவுட்டுத் தூசி ரிங்குக்குள்ள ஏறிடும்.

கெட்டிமேளம்:
இதத்தான் நானும் சொல்ல வந்தேன். இப்ப பழைய நிக்கான் லென்ஸ் சல்லிசா கெடைக்குது, எல்லாரும் மிரர்லெஸ்னு ஓடுறதால. வித்தா அடிமாட்டு வெலைக்குத்தான் கேப்பான், வாங்குறவனுக்குத்தான் யோகம்.

அரசலாறு:
ஏன் சல்லிசுன்னு யோசிங்கண்ணே. 2020ல வந்த டி6க்கு அப்பறம் நிக்கான் புதுசா ஒரு டிஎஸ்எல்ஆர் வுடல.

கெட்டிமேளம்:
வுடலன்னா என்கிட்ட இருக்கறது படம் புடிக்காம போயிடுமா?

வெட்டாறு:
எல்லாருக்கும் நன்றி. ஒரு கூத்து நடந்துச்சு, அதையும் சொல்லிடறேன். தெரிஞ்சவரு அரிசி மண்டித் தராசுல என் பையத் தூக்கி வச்சேன். நாலு கிலோ இருநூறு! கேமராவும் 18-140ம் போவ மூணு கிலோ என்னடான்னு பிரிச்சா பையே ஒண்ணரை, 70-300 முக்கா கிலோ, தங்கச்சி கல்யாணத்துக்கு அப்பறம் தொடாத பிளாஷ், செத்த பேட்டரி நாலு, சார்ஜர், ஒரு ஸ்பேனரு, அது எப்புடி வந்துச்சுன்னே தெரியல. இவ்ளோ நாளா இதையெல்லாம்தான் சொமந்துருக்கேன். இப்ப பாடில 50 மட்டும் மாட்டுனா ஒரு கிலோவுக்கு கீழ. ஆடிப்பெருக்கு வரைக்கும் பையே இல்லாம இத மட்டும் தோள்ல போட்டுட்டு சுத்திப் பாக்கறேன். அதுக்கும் தோளு வலிச்சா அரசலாறு அண்ணன்கிட்ட அந்த ஃபியூஜிய ஒரு நாளைக்கு கடன் கேப்பேன். 70-300 மட்டும் கண்டிப்பா குடுத்துடப் போறேன்.

அரசலாறு:
தாராளமா வாங்க. வாங்கிட்டு திருப்பித் தர மனசு வராது, பாத்துக்கங்க.

உள்ளான்:
70-300 எனக்கு வேணும், மச்சான் கேட்டுக்கிட்டே இருக்கான். பங்கஸ் கிங்கஸ் இல்லையே?

வெட்டாறு:
டார்ச் அடிச்சுப் பாத்தேன்ணே, பங்கஸ் இல்ல. ஜூம் ரிங்குதான் லேசா நறநறங்குது. பைக்குள்ள வர்றதுக்கு முன்னாடி அரிசி டின்லதான் இருந்துச்சு.