புதுக் கியூவில் வண்டு ரீங்காரம்: ஏமாந்துவிட்டேனா?

சிகாகோவாசி:
பதினான்கு மாதம் காத்திருந்து, 1,900 டாலர் கொடுத்து, ஃபுளோரிடாவில் உள்ள ஒரு கைவினைஞரிடம் பூல் கியூ (மேசைப் பந்தாட்டத்தில் பந்தை அடிக்கும், இரண்டு பாதியாகக் கழற்றிப் பூட்டும் கோல்) செய்து வாங்கினேன். பறவைக்கண் மேப்பிள் மரம், கைப்பிடியில் அழகுக்காகப் பதித்த நான்கு கருங்காலிக் கூர்முனைகள், பிடிக்கும் இடத்தில் ஐரிஷ் லினன் நூல் சுற்று, எடை 19 அவுன்ஸ். அக்டோபரில் கைக்கு வந்தபோது குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

ஜனவரியில் தொல்லை தொடங்கியது. ஓங்கி அடித்தால் கைப்பிடிக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ஒரு ரீங்காரம். இரண்டு பாதிகளும் பூட்டும் இடத்திலுள்ள இணைப்பு வளையத்துக்குக் கீழே நகத்தை ஓட்டினால் விளிம்பு தட்டுகிறது; வந்த புதிதில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. இப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது: நான்கு கூர்முனைகளில் ஒன்று 2 மில்லிமீட்டர் குட்டை. மரம் கோணிவிட்டதா? திருப்பி அனுப்பலாமா?

ஒன்பதாம்பந்து:
முதலில் மேசைமேல் உருட்டிப் பாருங்கள். முன்பாதியைத் தனியாக, பின்பாதியைத் தனியாக, பிறகு இரண்டையும் பூட்டி. கியூவுக்கும் மேசைக்கும் இடையே வெளிச்சம் தெரிவதாலேயே பயந்துவிடாதீர்கள். கோல் ஒரே சீராக ஒல்லியாவதில்லை. உருளும்போது அந்த வெளிச்சம் விரிந்து விரிந்து சுருங்கினால்தான் கோணல். தனித்தனியே நேராக ஓடி, பூட்டினால் மட்டும் ஆடினால், இணைப்பின் முகத்தில் தூசி இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள்.

சிகாகோவாசி:
மூன்று விதமாகவும் உருட்டினேன். ஆடவில்லை. ஆனால் ரீங்காரம் போகவில்லை.

கடைசல்மேசை:
தம்பி, நேராக ஓடுகிறது என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. முன்பாதியைக் கழற்றிவிட்டு, பின்பாதியைத் தளர்வாகப் பிடித்து, உள்ளங்கையால் தட்டுங்கள். அப்போதும் ரீங்காரம் கேட்டால் அடிப்புற ரப்பரைக் கழற்றுங்கள். உள்ளே எடைக்காக ஒரு போல்ட் இருக்கும். குளிர்காலத்தில் மரம் சுருங்கும்போது சில சமயம் அதன் பிடி தளர்ந்துவிடும். நீண்ட அல்லன் சாவியால் மெல்ல இறுக்குங்கள். முரட்டுத்தனம் வேண்டாம், மரம் பிளந்துவிடும்.

நகம் தட்டுவதைப் பற்றி ஒரு கேள்வி: சுற்றிலும் தட்டுகிறதா, எதிரெதிரான இரண்டு பக்கங்களில் மட்டுமா?

சிகாகோவாசி:
இரண்டு பக்கங்களில் மட்டும்தான் அண்ணா! எப்படிச் சொன்னீர்கள்?

கடைசல்மேசை:
மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் கடைசலில் வட்டமாக எடுத்த கோல், ஈரம் வற்றியதும் மயிரிழை அளவு முட்டை வடிவத்துக்குப் போகிறது. எஃகு வளையமோ அப்படியே நிற்கிறது. உங்கள் வீட்டில் ஹீட்டர் ஓடும், காற்றில் ஈரம் இருக்காது. ஒரு ஈரப்பதமானி வாங்கி, 40 முதல் 50 விழுக்காடு வரை வைத்துப் பாருங்கள். உப்புத்தாள் எடுத்துத் தேய்த்துவிடாதீர்கள். கோடையில் மரம் உப்பும். இன்று தேய்த்த இடம் அன்று பள்ளமாகிவிடும். இரவில் காரிலும் விடக்கூடாது.

குட்டை முனைக்கு வருகிறேன். முனையின் நுனியைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஊசிபோல் இருக்கிறதா, மழுங்கி வளைந்திருக்கிறதா?

சிகாகோவாசி:
ஊசி.

கடைசல்மேசை:
அப்படியானால் அது V வடிவப் பள்ளம் வெட்டி ஒட்டியது. கணினி எந்திரம் குடைந்த பள்ளத்தில், வெட்டுளி உருண்டை என்பதால் நுனி மழுங்கலாகவே வரும். பிறகு கையால் கூர்ப்படுத்தினால்தான் உண்டு. V பள்ளம் மிகச் சாய்வாக ஓடுவதால், ஆழத்தில் துளி பிசகினாலும் மேலே முனை ஓரிரு மில்லிமீட்டர் நீளும் அல்லது குறையும். நான்கும் ஒரே கோட்டில் நிற்பது பெரிய கைத்திறன், மறுக்கவில்லை. 2 மில்லிமீட்டருக்காக நான் திருப்பி அனுப்பமாட்டேன்.

ஒன்பதாம்பந்து:
நான் கொஞ்சம் முறைப்பேன். 1,900 டாலர் ஆயிற்றே.

சிகாகோவாசி:
இன்னொரு சங்கடம். கூர்முனை கோத்த கட்டையை வேறொருவரிடம் வாங்கித்தான் கடைந்தேன் என்று செய்தவரே சொன்னார். அப்படியானால் இது அவருடைய கியூதானா?

கடைசல்மேசை:
புரூக்ளினில் 1959 முதல் கியூ செய்த ஜார்ஜ் பாலபுஷ்காவே பிரன்ஸ்விக் நிறுவனத்தின் ‘டைட்லிஸ்ட்’ கட்டைகளையும், பிறகு பர்ட்டன் ஸ்பெயின், கஸ் சாம்போட்டி ஆகியோர் கோத்த கட்டைகளையும் வாங்கிக் கடைந்தவர்தான். இன்று சேகரிப்பாளர்கள் அவர் கியூவைத் தேடி அலைகிறார்கள். உங்கள் ஆள் கேட்காமலே உண்மையைச் சொல்லியிருக்கிறார், அதைக் கணக்கில் சேருங்கள்.

சிகாகோவாசி:
போல்ட்டைக் கால் சுற்றுகூட இறுக்கவில்லை, வண்டு வாயை மூடிக்கொண்டது. நகம் இன்னும் தட்டுகிறது. செய்தவரிடம் தொலைபேசியில் சொன்னேன். ஜூலையிலும் தட்டினால் அனுப்பு என்றார். ஈரப்பதமானி 19 காட்டுகிறது.