அப்பாயி பிறந்தது பொகவந்தலாவையில். பேத்தி இலங்கை அணித் தேர்வுக்கு நிற்கலாமா?

நோர்வூட்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு விஷயம் ஒன்றில் உங்கள் கருத்து வேண்டும்.

என் சின்னம்மா 1955 இல் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழரை இரண்டு நாட்டுக்கும் பிரித்த ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் தாத்தா குடும்பத்துக்கு இந்தியா என்று முடிவானது. 1975 இல் தாத்தா பாட்டியோடு சின்னம்மாவும் ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறினார். தலைமன்னாரில் கப்பல், பிறகு மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரி. என் அம்மா அதற்குள் கல்யாணமாகி அப்பா வீட்டுப் பிரசாவுரிமை விண்ணப்பத்தில் இருந்ததால் இங்கேயே தங்கிவிட்டார். அக்கா ஒரு நாடு, தங்கை ஒரு நாடு. சின்னம்மாவின் மகன், அதாவது என் தம்பி, கோத்தகிரியில் பிறந்து படித்து, கனடாவுக்கு வேலைக்குப் போனவன். அவன் மகள் அங்கேயே பிறந்தவள். இப்போது 19 வயது.

அவள் லாக்ரோஸ் ஆடுகிறாள். தெரியாதவர்களுக்கு: நீளக் கோலின் முனையில் சின்ன வலைப்பை இருக்கும். அதில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடி, எறிந்து, எதிரணி வலைக்குள் போட வேண்டும். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இதுவும் உண்டு. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கூட்டத்தில் கிரிக்கெட்டையும் லாக்ரோஸையும் ஒன்றாகத்தான் சேர்த்தார்கள்.

அவளுடைய பயிற்சியாளர் சொன்னாராம், சின்ன நாடுகள் பல வெளிநாட்டில் வளர்ந்த தங்கள் வம்சாவளிப் பிள்ளைகளை வைத்துத்தான் அணி கட்டுகின்றன, உன் பூர்வீகம் எது என்று யோசித்துப் பார் என்று. அன்று இரவே எனக்கு எடுத்தாள். "பெரியப்பா, இலங்கைக்கு என்று ஒரு அணி எடுத்தால் நான் அப்பாயி பேரைச் சொல்லிப் போய் நிற்கலாமா?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. என் மனதில் 'நில் மகளே' என்றுதான் இருக்கிறது. ஆனால் இங்கே விளையாட்டோடு இருக்கிறவர்கள் சொன்னால் நல்லது.

பதுளை சேர்:
தம்பி, மனம் நோகாமல் கேளுங்கள். நான் இருபது வருஷமாகத் தோட்டப் பாடசாலைகளில் விளையாட்டுப் பொறுப்பாசிரியர். என் பதில், நிற்கக் கூடாது.

தேசிய அணி என்பது இந்த மண்ணில் ஓடிப் பழகியவர்களுக்கு உரியது. எங்கள் பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள் தெரியுமா? பாடசாலைக்கு மைதானம் இல்லை. காலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு பெரட்டுக்களத்தில் ஓடுகிறார்கள். ஒரு பக்கம் கொழுந்து நிறுக்கும் மடுவம், மறு பக்கம் சரிவு. பந்து தவறினால் தேயிலைக்குள் போய்விடும், தேடி எடுப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும். போன வருஷம் மாகாணப் போட்டிக்கு என் பிள்ளை ஒன்று வெறுங்காலோடு 800 மீட்டர் ஓடி மூன்றாவதாக வந்தாள். அவளை யாரும் தேர்வுக்குக் கூப்பிடவில்லை. மலைநாட்டில் சமதரை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ரதல்ல, தரவளை, எல்லாம் வெள்ளைத் துரைமார் தங்கள் கிளப்புக்கு வெட்டிச் சமப்படுத்தியவை.

நல்ல கோல், கண்ணைக் காக்கும் கண்ணாடி, பயிற்சியாளர் எல்லாம் உள்ள ஊரில் வளர்ந்த பிள்ளை விமானத்தில் வந்து இறங்கினால், தேர்வாளர் யாரை எடுப்பார்? அந்த இடம் இங்கே யாருடைய இடம்?

மஸ்கெலியா மழை:
சேர், உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்தப் பிள்ளையின் மேல் அதைக் காட்டுவது நியாயமில்லை. மைதானம் இல்லாததற்கு அவளா காரணம்?

கால்பந்தைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிக்கு கம்போடியாவோடு இரண்டு ஆட்டம். பெனால்டியில் ஜெயித்தோம். லண்டனில் பிறந்த டில்லன் டி சில்வா, ஜெர்மனியில் பிறந்த கிளாடியோ கமர்க்னெக்ட் மாதிரியான பிள்ளைகள் வந்த பிறகுதான் அந்த அணிக்கு உயிர் வந்தது. அன்று இரவு எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பட்டாசு வெடித்தோம். யாரும் பிறந்த ஊரைக் கேட்டுக்கொண்டு கை தட்டவில்லை.

பதுளை சேர்:
நானும் கை தட்டினேன். ஆனால் கால்பந்து வேறு. அதற்கு இங்கே கழகம் இருக்கிறது, லீக் இருக்கிறது, வெளியிலிருந்து வருகிறவரோடு மோதிப் பார்க்க உள்ளூர்ப் பையன் இருக்கிறான். லாக்ரோஸ் கோலை எங்கள் பிள்ளைகள் கண்ணால்கூடக் கண்டதில்லை. முழு அணியும் வெளியில் பிறந்தவர்களாக இருந்து சட்டையில் மட்டும் சிங்கம் இருந்தால், அது யாருடைய அணி?

ஹட்டன் அக்கா:
ஆசை வேறு, சட்டம் வேறு. காகித வேலை பார்க்கிறவள் என்பதால் சொல்கிறேன்.

இந்த விதி விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். ரக்பியில் தாய், தகப்பன், பாட்டன், பாட்டி இவர்களில் ஒருவர் அந்த நாட்டில் பிறந்திருந்தாலே போதும். ஒலிம்பிக்கில் அது செல்லாது, அந்த நாட்டுப் பிரசாவுரிமை கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவளியில் இலங்கைப் பிரசாவுரிமை வேண்டுமென்றால், அது பிறக்கும்போது தாயோ தகப்பனோ இலங்கைப் பிரசையாக இருந்திருக்க வேண்டும், பிறப்பை இலங்கைத் தூதரகத்திலும் பதிந்திருக்க வேண்டும். உங்கள் தம்பி பிறப்பால் இந்தியர். பாட்டியை மட்டும் காட்டி அந்தப் பிள்ளை இலங்கைப் பிரசை ஆக முடியாது. ஆகவே வம்சாவளியை ஏற்கிற போட்டிகளுக்கு வழி இருக்கலாம், ஒலிம்பிக் கனவை இப்போதே ஊட்டாதீர்கள்.

தகப்பன் வழியில் இந்தியாவுக்கு ஆடலாமே என்று யாராவது கேட்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் இல்லாதவர் இந்தியாவுக்காக ஆட முடியாது என்று அங்கே 2008 இல் முடிவெடுத்தார்கள். இரட்டைப் பிரசாவுரிமையும் அங்கே கிடையாது.

கோத்தகிரிக்காரி:
நான் இந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவும் அதே கப்பலில் வந்தவர்தான். டான்டீயில், தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். இங்கே எங்களுக்கு இன்றைக்கும் 'சிலோன்காரங்க' என்றுதான் பேர். அங்கே இருந்தவரைக்கும் 'இந்தியாக்காரர்'. குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்று ஒரு கட்டம் போட்டு அதில்தானே எங்கள் ஆட்களை வைத்தார்கள்?

பதுளை ஐயா, வெளிநாடு போனவர் என்று ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். படிக்கப் போனவர் உண்டு, பிழைக்கப் போனவர் உண்டு, உயிருக்குப் பயந்து போனவர் உண்டு. எங்கள் ஆட்கள் போகவில்லை, அனுப்பப்பட்டார்கள். 1964 இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 525,000 பேர் உனக்கு, 300,000 பேர் எனக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை 1974 இல் பாதிப் பாதியாக்கினார்கள். எங்கே இருக்க விருப்பம் என்று என் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பேத்தியாவது தானாக ஒரு நாட்டின் பேரைச் சொல்கிறாள். சொல்லட்டுமே.

பதுளை சேர்:
தங்கச்சி, நீங்கள் சொன்னதை இரண்டு தரம் வாசித்தேன். என் பெரிய தகப்பன் குடும்பமும் அப்படித்தான் போனது. ஸ்டேஷனில் கட்டிப் பிடித்து அழுத சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அநியாயம் நடந்தது பாட்டிக்கு. அதற்குப் பரிகாரம் பேத்திக்கு ஒரு ஜெர்சியா? இருக்கிற எங்களுக்குப் பரிகாரம் எப்போது?

மஸ்கெலியா மழை:
முரளியின் தாத்தா இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, திரும்பியும் போனவர். அவர் பேரன்தான் இலங்கைக்கு 795 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். பாட்டன் எங்கே போனார் என்று பார்த்திருந்தால்?

பதுளை சேர்:
முரளி கண்டியில் வளர்ந்தவர், கட்டுகஸ்தோட்டை சென் அந்தனீஸில் ஆடிப் பழகியவர். நீங்கள் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்.

நோர்வூட்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ஹட்டன் அக்கா சொன்னதை அப்படியே பிள்ளையிடம் சொன்னேன். ஒலிம்பிக் இல்லையென்றால் பரவாயில்லை என்கிறாள். அப்புறம் அவள் ஒரு கதை சொன்னாள், அதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

லாக்ரோஸ் வட அமெரிக்கப் பழங்குடிகளின் ஆட்டம். அதில் ஹோடனொசோனி என்பவர்கள் முக்கியமானவர்கள், அமெரிக்கா கனடா இரண்டு நாட்டு எல்லையிலும் பரந்திருக்கிறவர்கள். அவர்களுக்குத் தனி அணி உண்டு, தங்கள் பேரில் பாஸ்போர்ட்டும் உண்டு. 2010 இல் இங்கிலாந்தில் மென்செஸ்டரில் உலகக் கிண்ணம். அந்தப் பாஸ்போர்ட்டை பிரிட்டன் ஏற்கவில்லை. அமெரிக்கப் பாஸ்போர்ட்டிலோ கனடாப் பாஸ்போர்ட்டிலோ வரலாமே என்றார்கள். அவர்கள் மாட்டோம் என்று நியூயோர்க்கிலேயே நின்றுவிட்டார்கள். தாங்கள் உலகத்துக்குக் கொடுத்த ஆட்டத்தின் உலகக் கிண்ணத்தையே விட்டார்கள். பிறகு 2022 உலக விளையாட்டுக்கு அவர்களுக்கு முதலில் இடம் கொடுக்கவில்லை. அயர்லாந்து அணி விலகித் தன் இடத்தை அவர்களுக்குக் கொடுத்தது.

இதைச் சொல்லிவிட்டு அவள் கேட்டாள், "அப்பாயியிடமும் இப்படி ஒரு காகிதம் கேட்டார்களா பெரியப்பா?"

ஹட்டன் அக்கா:
கேட்டார்கள். 1948 சட்டத்தில், அதற்கு முன் இங்கே பிறந்தவர் தன் தகப்பன் இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்குத் தகப்பன் பிரசையாக இருக்க வேண்டும், ஆகவே அதே காகிதம் தகப்பனிடம். பிறப்புப் பதிவு கட்டாயமானதே 1897 இல்தான். லயத்துப் பிள்ளையின் பூட்டனுக்கு யார் காகிதம் வைத்திருப்பார்? இருந்த பதிவும் துரை அனுப்பி வைத்த அறிக்கைதான், கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதினதுதான். இதில் தாய் வழியைப் பற்றிப் பேச்சே இல்லை. பாட்டி என்றொருத்தி அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

பதுளை சேர்:
அயர்லாந்து விலகிக் கொடுத்ததை நான் அறிந்திருக்கவில்லை. பெரிய மனசு.

ஆனால் அதையே திருப்பிக் கேட்கிறேன். உங்கள் மகள் தேர்வாகி, அவளுக்குப் பின்னால் எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒன்று நின்றால், அவள் இடம் விடுவாளா?

மஸ்கெலியா மழை:
சேர், ஆறு பேர் ஆடுகிற வடிவத்துக்கு 70 மீட்டர் நீளம், 36 மீட்டர் அகலம் போதும். ஒலிம்பிக்கிலும் அதுதான். கிரிக்கெட் மைதானம் வெட்ட முடியாத மலையிலும் இதற்கு இடம் தேடலாம். முதலில் பிள்ளைகள் கையில் கோல் வரட்டும்.

பதுளை சேர்:
எங்கள் பெரட்டுக்களத்தைக் காலடியால் அளந்தேன். 48 மீட்டர்தான் வருகிறது.

நோர்வூட்காரன்:
மூன்று வாரம் எழுதவில்லை, மன்னிக்கவும். பிரதேச செயலகத்துக்கு இரண்டு தரம் போய்ச் சின்னம்மாவின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுத்தேன். தோட்டத்தின் பேர், டிவிஷன், எல்லாம் சரி. சின்னம்மாவின் பேரில் கடைசி எழுத்து இதில் 'யி', இந்தியப் பாஸ்போர்ட்டில் 'ய்'. அதற்கு ஒரு சத்தியக் கடதாசி வேண்டியிருக்கும்.

அந்தப் படிவத்தை நீங்களும் உங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். கீழ்ப்பாதியில் 'பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால்' அவர் பேர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்கும் கீழே பூட்டனாருக்கு ஒன்று. சின்னம்மாவின் காகிதத்தில் இரண்டிலும் மசியால் நீளமாக ஒரு கோடு. கோடு போட்ட கை கொஞ்சம் அழுத்திவிட்டது போல, பிரதியில்கூடக் கறுப்பாகத் தெரிகிறது. அதைப் படம் எடுத்துப் பிள்ளைக்கு அனுப்பினேன். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு சேரின் கேள்விக்கு மட்டும் பதில் அனுப்பினாள்: "இடம் விடுவேன். ஆனால் அந்தப் பிள்ளை என்னோடு மோதித்தான் எடுக்க வேண்டும். அதற்கு அவளுக்கு முதலில் நான் சொல்லிக் கொடுக்கிறேன்."

ஓகஸ்டில் வருகிறாள். அவள் கழகத்தில் பாவித்த பழைய கோல்கள் பன்னிரண்டு சேர்த்து வைத்திருக்கிறாளாம். கோத்தகிரிக்குப் போய் அப்பாயியைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வருவாள்.

கோத்தகிரிக்காரி:
வரும்போது எனக்கும் சொல்லுங்கள் அண்ணே. நான் போய்ப் பார்க்கிறேன்.

பதுளை சேர்:
என் கருத்து மாறவில்லை. தேர்வில் இங்கே உள்ளவருக்குத்தான் முதலிடம் என்று அப்போதும் சொல்வேன், அவளிடமும் நேரில் சொல்வேன்.

ஓகஸ்டில் பதுளைப் பக்கம் மழை குறைவு. பத்தாம் பதினோராம் வகுப்பில் ஓடக்கூடிய பெண் பிள்ளைகள் 14 பேர் இருக்கிறார்கள். சரிவுப் பக்கம் வலை கட்ட தோட்டத்தில் பேசியிருக்கிறேன். பந்து ரப்பரா, தோலா? எவ்வளவு பாரம் வரும்?

நோர்வூட்காரன்:
ரப்பர்தான் சேர். கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் பாரம் குறைவு. 14 பேருக்கு இன்னும் இரண்டு கோல் குறைகிறது, கேட்டுப் பார்க்கிறேன்.