‘ஆர்டர்’ அதிர்வுக்கு ஒரு சொல்: லாரிப் பழுதறியும் கையேட்டுக்காக

பொருள்: ஃபர்ஸ்ட் ஆர்டர், செகண்ட் ஆர்டர் – தமிழில் எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் துவாஸ், பயனியர் பக்கத்துப் பணிமனைகளில் ப்ரைம் மூவர் (ட்ரெய்லர் இழுக்கும் லாரி) பழுதுபார்க்கும் தம்பிகளுக்காகத் தமிழில் தயாராகும் கையேட்டில் அதிர்வுக்கான பகுதி முடியும் நிலையில் இருக்கிறது. கியர்பாக்ஸ், அதன் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட், ஷாஃப்டைக் கோணத்தில் சுற்றவிடும் மூட்டான யூ ஜாயின்ட் எல்லாம் அப்படியே இருக்கட்டும். வாயில் புழங்கும் பெயர்களை மாற்றி யாருக்கும் லாபமில்லை. ‘ஆர்டர்’ மட்டும் இடறுகிறது. அது ஒரு பொருளின் பெயரல்ல, ஒரு கணக்கு. சுழலும் பாகம் ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் வண்டியை எத்தனை முறை உலுக்குகிறது என்பதே ஆர்டர். எடை ஒருபக்கம் சாய்ந்த டயர் சுற்றுக்கு ஒருமுறை உலுக்கும். கோணம் கெட்ட யூ ஜாயின்ட் இருமுறை.

இங்கே கனரக லாரிக்கு உச்ச வேகம் 60 என்பதால் கணக்கு எளிது. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். 295/80ஆர்22.5 டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 314 சுற்று சுற்றும். ஆக நிமிடத்துக்கு 314 சுற்று, நொடிக்கு 5.2. பின் அச்சின் விகிதம் 4 என்றால், அதாவது டயர் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் நான்குமுறை சுற்றினால், ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,256 சுற்று, நொடிக்கு 21. கோணக் கோளாறு அதன் இரட்டிப்பில், 42-இல் தெரியும். இந்த மூன்று எண்களும் சுவரில் எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

‘மடங்கு’ என்று வைக்கலாமா? ஒருமடங்கு அதிர்வு, இருமடங்கு அதிர்வு.

– துவாஸ்

*

மறுமொழி:

> இருமடங்கு அதிர்வு

இது வேண்டாம் அண்ணே. ‘இருமடங்கு அதிர்வு’ என்று படிக்கிறவர் அதிர்வின் வலு இரண்டு பங்காகிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆர்டருக்கும் வலுவுக்கும் சம்பந்தமே இல்லை. ஷாஃப்டின் இரண்டாம் ஆர்டர் காலுக்கடியில் லேசான முணுமுணுப்பாக இருக்கலாம். டயரின் முதல் ஆர்டர் ஸ்டியரிங்கைப் பிடுங்கலாம். டயரின் ஓரத்தில், மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி 500 கிராம் கூடுதல் எடை இருந்தால் 60-இல் சுமார் 27 கிலோ எடைக்குச் சமமான விசை ஒவ்வொரு சுற்றிலும் அச்சை இழுக்கும்.

‘வரிசை’யும் சரிப்படாது. கணக்கில் சமன்பாட்டுக்கு அது பொருந்தலாம். ‘முதல் வரிசை அதிர்வு’ என்றால் முதலில் வந்தது, பிறகு வந்தது என்று பொருள் திரும்பும். ‘படி’ என்றால் படிப்படியாக ஏறுவது.

‘துடிப்பு’ எப்படி? ஒற்றைத்துடிப்பு, இரட்டைத்துடிப்பு. எண்ணத்தக்க ஒன்று என்பது சொல்லிலேயே இருக்கிறது.

– ஜூரோங் வெஸ்ட்

*

மறுமொழி:

துடிப்புக்கு என் வாக்கு. ஆனால் இரண்டு சோதனைகளில் தேற வேண்டும்.

முதலாவது, அரை. நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தடுமாறும். அது அரைத்துடிப்பு. ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒழுங்காக எரியும்போது சுற்றுக்கு மூன்று, அதாவது முத்துடிப்பு. இரண்டும் வாயில் நிற்கின்றன, நல்லது. ‘மடங்கு’ இங்கேயும் தோற்கும்; ‘அரைமடங்கு அதிர்வு’ என்றால் குறைந்துவிட்டது என்று நிம்மதியாக வண்டியை அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாவது, எதன் துடிப்பு? மேலே சொன்ன வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். டாப் கியர் நேர்விகிதம் (எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்டும் ஒரு சுற்று) என்றால் எஞ்சினும் 1,256, ஷாஃப்டும் 1,256. நீள்வட்டமாகத் தேய்ந்த டயரின் இரட்டைத்துடிப்பு நொடிக்கு 10.5. எஞ்சினின் அரைத்துடிப்பும் 10.5! அதிர்வை அளக்கும் கருவியில் இரண்டும் ஒரே கோடுதான். ஆகவே பாகத்தின் பெயர் இல்லாமல் துடிப்பைத் தனியாக எழுதவே கூடாது என்று கையேட்டில் விதி வையுங்கள்: ‘டயர் இரட்டைத்துடிப்பு’, ‘எஞ்சின் அரைத்துடிப்பு’.

பிரித்தறியும் வழியும் கூடவே வரட்டும். அதே வேகத்தில் ஒரு கியர் இறக்கி ஓட்டுங்கள். எஞ்சின் சுற்று மாறும், ஷாஃப்டும் டயரும் மாறா. அதிர்வெண் நகர்ந்தால் எஞ்சின் பக்கம். நகராவிட்டால் கியர்பாக்ஸுக்குப் பின்னால். நியூட்ரலில் உருளவிட்டும் பார்ப்பார்கள். அதைச் சமதளமான மூடிய இடத்தில் மட்டும் செய்யவேண்டும், இறக்கத்தில் கூடவே கூடாது.

கைப்பேசிச் செயலியை நம்புகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. நொடிக்கு 100 முறை அளக்கும் பேசியில் 50-க்கு மேற்பட்ட அதிர்வு பொய் எண்ணாகக் கீழே வந்து உட்காரும். எஞ்சினின் முத்துடிப்பு 63. திரையில் அது 37-ஆகத் தெரியும். ஷாஃப்ட் இரட்டைத்துடிப்பின் 42-க்குப் பக்கத்தில் அப்படி ஒரு கோடு நின்றால், நல்ல ஷாஃப்டைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

– ஊட்லண்ட்ஸ்

*

மறுமொழி:

ஊட்லண்ட்ஸ் அண்ணன் சொன்ன விதியை அப்படியே ஏற்கிறேன். ‘துடிப்பு’ என்றால் நாடி நினைவுக்கு வருமே என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். வரட்டுமே, அதையும் நிமிடத்துக்கு இத்தனை என்றுதானே எண்ணுகிறோம்.

ஒரு சொல்லை மட்டும் புதிதாக ஆக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரட்டை அச்சில் ஒரு ஜோடி டயர் புதிது, இன்னொன்று தேய்ந்தது என்றால் ஒன்று 314, மற்றது 318 சுற்றும். அதிர்வு 15 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். பள்ளி இயற்பியலில் இதற்கு ‘விம்மல்’ என்ற அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம். அதிர்வு விம்மினால் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களைத் தேடு என்று பொருள்.

– ஜூரோங் வெஸ்ட்

*

மறுமொழி:

சரி, ‘துடிப்பு’ என்றே முடிப்போம். இரட்டைத்துடிப்புப் பதிவின் வரைவு இது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

ஷாஃப்ட் இரட்டைத்துடிப்பு: யூ ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது அதன் மறுமுனை ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தி, இருமுறை பிந்தும். எதிர்முனை ஜாயின்ட் அதே அளவு கோணத்தில் இருந்தால் ஒன்றையொன்று சமன் செய்யும். இல்லையேல் மிச்சம் அதிர்வாகும். கோணம் இரட்டித்தால் குலுக்கம் நான்கு மடங்கு.

அளக்கும் முன் டயர் காற்று, ஏர் சஸ்பென்ஷன் உயரம் இரண்டையும் பாருங்கள். உயர வால்வின் கம்பி வளைந்து வண்டி தாழ்ந்து நின்றால் மற்ற அளவுகள் அத்தனையும் வீண். ஷாஃப்டைக் குற்றம் சொல்லுமுன் பலரும் தாண்டிப்போகும் இடம் இதுதான். பிறகு சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடைகட்டை கொடுத்து, டிஜிட்டல் சாய்வுமானியைக் கியர்பாக்ஸ் முனை, ஷாஃப்ட் குழாய், பினியன் (பின் அச்சில் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரத் தண்டு) முனை மூன்றிலும் வையுங்கள். எல்லாம் பின்பக்கம் தாழ்ந்து கியர்பாக்ஸ் 4°, ஷாஃப்ட் 6.5°, பினியன் 4.5° என்றால் ஜாயின்ட் கோணங்கள் 2.5°, 2°. வேறுபாடு அரை டிகிரி, பிழையில்லை. பினியன் 2° என்றால் பின் ஜாயின்ட் 4.5°, வேறுபாடு 2°. டார்க் ராடில் (அச்சை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் தண்டு) ஷிம் எனும் மெல்லிய தகடு சேர்த்தோ எடுத்தோ பினியனைத் தூக்க வேண்டும். வேறுபாடு 1 டிகிரிக்குள், ஒவ்வொரு கோணமும் 3 டிகிரிக்குள் இருப்பது வழக்கமான இலக்கு. முழுப் பூஜ்யமும் கூடாது. ஊசி உருளைகள் நகராமல் ஒரே இடத்தில் அழுந்திக் குழி விழும். குறைந்தது அரை டிகிரி இருக்கட்டும்.

கோணம் சரியாக இருந்தும் இரட்டைத்துடிப்பு போகவில்லையா? ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் (யூ ஜாயின்டைப் பிடிக்கும் ‘யோக்’) ஒரே தளத்தில் நிற்கின்றனவா பாருங்கள். கிளட்ச் வேலைக்குக் கழற்றியவர் ஸ்லிப் ஜாயின்டை (ஷாஃப்ட் நீண்டு சுருங்க வழிவிடும் பல்லிணைப்பு) ஒரு பல் தள்ளிச் செருகியிருக்கலாம். அம்புக்குறி இரண்டும் நேருக்கு நேர் வரவேண்டும்; குறி இல்லையென்றால் கழற்றும் முன்பே பெயின்ட் கோடு போடுங்கள்.

‘யோக்’குக்கு ‘கவை’ என்று எழுதிவிட்டேன். நுகம் மாட்டின் கழுத்துக்கு. இது கிளை பிரியும் வடிவம். ஆட்சேபம் உண்டா?

– துவாஸ்

*

மறுமொழி:

கவைக்கு ஆட்சேபமில்லை. ‘ஒரே தளத்தில் நிற்கின்றனவா’ என்பதைக் ‘கவைநேர்’ என்று தலைப்புச் சொல்லாக்கலாம். ‘ஃபேஸ்’ என்பதற்குப் பாடநூல் தரும் ‘கட்டம்’ இங்கே எடுபடாது, ‘கட்டம் தப்பியது’ என்றால் யாருக்கு விளங்கும்?

வரைவில் ஒரு வரி சேர்க்கவேண்டும். நடு பேரிங் வைத்த இரட்டை ஷாஃப்ட் வண்டிகளில் மூன்று ஜாயின்ட். அங்கே கவைநேர் தயாரிப்பாளர் காட்டிய குறிப்படிதான், கண்ணளவில் நேராக்கக் கூடாது. டயர் ஒற்றைத்துடிப்புக்கான பதிவை நான் எழுதி அனுப்புகிறேன். டயரின் ஓர வளையம் ரிம் விளிம்புக்குச் சுற்றிலும் சம தூரத்தில் இருக்கிறதா, ஹப்பின் தாங்கு திட்டுகளில் துரு ஏறியிருக்கிறதா என்ற இரண்டும் பேலன்ஸுக்கு முன்னால் வரும்.

– ஊட்லண்ட்ஸ்