ஆடிஷன்ல வசனம் ஒப்பிக்கிற மாதிரியே வருது, என்ன பண்ணலாம்?

மாட்டுங்கா மணி:
மும்பை ஆராம் நகர்ல ஆடிஷனுக்கு வர்ற நம்ம பசங்களுக்கு வசனம் தலைகீழாத் தெரியுது. கேமரா ஓடினதும் ஒப்பிக்கிற தொனி வந்துடுது. அந்த நொடியில இருக்குறதை எப்படிப் பழகுறது?

பிருத்வி வாசல்:
உணர்ச்சியோட சேர்த்து மனப்பாடம் பண்றதுதான் வினை. முதல்ல ஏற்ற இறக்கமே இல்லாம, துணி மடிச்சுக்கிட்டே சொல்லிப் பழகணும். கை வேலையில வரி தடுமாறினா இன்னும் ஏறலைன்னு அர்த்தம். அப்புறம் மைஸ்னர்ங்கிற அமெரிக்க நடிப்பு ஆசிரியரோட பயிற்சி: எதிர்ல உள்ளவர்கிட்ட கண்ல படுறதைச் சொல்லணும், "புருவத்தைச் சுருக்குற". அவர் "புருவத்தைச் சுருக்குறேன்"னு திருப்பிச் சொல்வார். அவர்கிட்ட நிஜமா ஏதாவது மாறினாத்தான் வாக்கியம் மாறணும். கிளிப்பிள்ளையாச் சொன்னா வீண்.

இன்னொண்ணு, அந்தப் பாத்திரத்துக்கு என்ன வேணும்? "கொடுத்த கடனை வாங்கணும்", அவ்ளோதான். "இந்த ரோல் எனக்குக் கிடைக்கணும்"ங்கிறது நடிகரோட ஆசை. அது கண்ல அப்படியே தெரியும்.

செம்பூர் அக்கா:
மணி தம்பி, செல்ஃப் டேப்னா, அதாவது நாமளே வீடியோ எடுத்து அனுப்புற ஆடிஷன்னா, எதிர்வசனம் சொல்றவரை லென்ஸை ஒட்டி நிக்க வைங்க. தள்ளி நின்னா பார்வை ஓடிடும். அவர் மைக் பக்கத்துல இருப்பார், குரலைத் தாழ்த்திப் பேசட்டும். இந்தி வசனத்தைத் தமிழ் எழுத்துல எழுதிப் படிக்காதீங்க, ख, घ மாதிரி மூச்சை விட்டுச் சொல்ற ஒலியெல்லாம் தொலைஞ்சுடும்.