செம்பு வடிகுழாயில் மால்ட் சாறு பாதியில் நின்றுவிடுகிறது

வீட்டில் பீர் காய்ச்சுவதற்காக, 45 லிட்டர் ஐஸ் பெட்டியின் உள்ளே அடியில் அரை அங்குலச் செம்புக் குழாய்களைச் செவ்வகமாகப் பொருத்தி, ஹேக்ஸா பிளேடால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கீற்றுகள் போட்டு, அவை கீழ்நோக்கி இருக்கும்படி, ஊறிய மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றைப் பிரித்தெடுக்கும் வடிகுழாய் அமைத்திருக்கிறேன். மூட்டுகளைப் பற்றவைக்கவில்லை, கழுவுவதற்குக் கழற்ற வேண்டுமே.

கடந்த மூன்று முறையும், 5 கிலோ பார்லி மால்ட்டை 15 லிட்டர் நீரில் 67 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, சாறு வெளியேறும் வால்வைத் திறந்தால், முதல் நான்கைந்து லிட்டர் சீராக வருகிறது. பிறகு நூலாக மெலிந்து, சொட்டாகி, நின்றே விடுகிறது. மால்ட்டைக் கொரகொரப்பாக அரைத்தேன், நெல் உமி கலந்தேன், வால்வைப் பாதி மட்டும் திறந்தேன். வெந்நீரைப் பின்னோக்கிச் செலுத்தினால் சற்று ஓடி மீண்டும் அடைக்கிறது. கழற்றிப் பார்த்தபோது, கீற்றுகளின் உள்விளிம்பில் செம்புப் பிசிறுகளும் அவற்றில் பசைபோல் சிக்கிய மாவும் இருந்தன.

பிசிறுகளை அராவிக் கீற்றுகளைச் சற்று அகலப்படுத்தினால் போதுமா, அல்லது இந்தக் குழாயைக் கைவிட்டுத் துளைத் தகடு போடுவதுதான் வழியா?