‘ரூ.’ என்று தேடினால் திருவாரூர் ஏன் அகப்படுகிறது?

கேள்வி: மலர்க்குழு

எங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டு மலரை நோட்பேட்++ செயலியில் மெய்ப்புப் பார்த்து வருகிறேன். நன்கொடையாளர் பட்டியலில் உள்ள ‘ரூ.’ என்னும் சுருக்கத்தை எல்லா இடங்களிலும் ‘ரூபாய்’ என விரித்தெழுத எண்ணி, தேடி மாற்றும் வசதியில் கொடுத்தேன். பட்டியலிலிருந்த கரூர் ‘கரூபாய்்’ என்றும், திருவாரூர் ‘திருவாரூபாய்்’ என்றும் ஆகிவிட்டன. நல்லவேளையாகப் பழைய கோப்பின் படி ஒன்று இருந்தது. சிறுகதைப் பகுதியில் ‘வருவாரா?’ என்று தேடினால் ‘வருவார்’, ‘வருவார்கள்’ ஆகியவையும் வந்து நிற்கின்றன. இவை ஒருபுறம் இருக்க, ‘கொடை’ என்று தேடும்போது கண்ணெதிரே திரையில் தெரிகிற ‘கொடை’யையே செயலி தாண்டிச் செல்கிறது. கோப்பை மூவர் தட்டச்சு செய்தார்கள்; அவர்களுள் ஒருவர் பழைய எழுத்துரு ஒன்றில் அடித்து, பிறகு யூனிகோடுக்கு மாற்றித் தந்தார். இதில் பிழை என்னுடையதா, செயலியுடையதா?

மறுமொழி 1: புள்ளிமயிர்

இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் உங்களிடம் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன. முதலாவதை ஒரு சொடுக்கில் தீர்த்துவிடலாம். தேடல் பெட்டியின் கீழ்ப்பகுதியில் நார்மல், எக்ஸ்டெண்டட், ரெகுலர் எக்ஸ்பிரஷன் என மூன்று முறைகள் இருக்கும். மூன்றாவது, சில குறிகளுக்குச் சிறப்புப் பொருள் தந்து ஒரு வடிவத்தைத் தேடும் முறை. முன்பு எதற்கோ அதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், செயலி அதை நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறது. அம்முறையில் முற்றுப்புள்ளி என்பது முற்றுப்புள்ளி அன்று, ‘ஏதேனும் ஒரு குறி’ என்று பொருள். ‘திருவாரூர்’ என்னும் சொல்லில் ‘ரூ’வை அடுத்து ‘ர’ வருவதால், அந்த ‘ர’ புள்ளியின் இடத்தை நிரப்பிவிடுகிறது. மாற்றியபோது ‘ர்’இலிருந்து தனித்து எஞ்சிய மெய்ப்புள்ளிதான் ‘பாய்்’ என்பதன் தலையில் இரண்டாவதாக ஏறி உட்கார்ந்தது.

கேள்விக்குறியின் கதை இன்னும் சுவையானது. ‘எனக்கு முன்னால் இருப்பது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி’ என்பது அதன் பொருள். நாம் ‘ரா’ என்று ஓர் எழுத்தாகப் படிப்பதைச் செயலி ‘ர’, அதன்பின் துணைக்கால் என இரண்டு குறிகளாகவே வைத்திருக்கிறது. ஆகவே கேள்விக்குறி துணைக்காலை மட்டும் விலக்கத்தக்கதாக்கிவிட, ‘வருவார’ என்பது வரை பொருந்தினாலே போதும் என்றாகி, ‘வருவார்’ அகப்படுகிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் பற்றிய ஆங்கிலப் பாடங்களில் ஓர் எழுத்தும் ஒரு குறியும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றைப் படித்துவிட்டு வருபவர்கள் தமிழில் இடறும் இடம் இதுதான்.

நார்மல் முறைக்கு மாறிவிட்டால் புள்ளி, கேள்விக்குறி, அடைப்புக்குறி, உடுக்குறி எல்லாம் தாமாகவே நிற்கும். ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு சிறப்புக்குறிக்கும் முன்னால் பின்சாய்வுக் கோடு இட வேண்டும்: வருவாரா\? என்பது போல. எண்ணுக்கு முன்னால் வரும் ‘ரூ.’ மட்டும் வேண்டுமெனில், ரூ\.[^0-9]?[0-9]+ என்று தேடுங்கள். இடையில் ஓர் இடைவெளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அகப்படும்.

மறுமொழி 2: கட்டளைவரி

விம் என்னும் உரைத்தொகுப்புச் செயலியைப் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல்: அங்கே இயல்பு அமைப்பில் அடைப்புக்குறி வெறும் அடைப்புக்குறிதான், பின்சாய்வு இட்டால்தான் அதற்குச் சிறப்புப் பொருள் வரும். நோட்பேட்++ செயலியில் பழகிய கை அங்கே போனால் நேர்மாறாகச் செய்துவிடும். நான் எத்தனையோ முறை செய்திருக்கிறேன்.

மலர்க்குழு

நார்மல் முறையில் ‘ரூ.’ சிக்கல் தீர்ந்தது, நன்றி ஐயா. ‘கொடை’ மட்டும் இன்னும் பாதி இடங்களில் அகப்படவில்லை.

மறுமொழி 3: புள்ளிமயிர்

அது இரண்டாவது சிக்கல். யூனிகோடில் ‘கொ’வை இருவகையாக எழுதலாம். ‘க’வை அடுத்து ‘ொ’ என்னும் ஒரே குறி (யூனிகோடு அதற்குத் தந்த பதின்ம எண் 3018) வருவது ஒரு வகை. ஒற்றைக்கொம்பும் (3014) துணைக்காலும் (3006) தனித்தனியே அடுத்தடுத்து வருவது இன்னொரு வகை. இரண்டும் சமம் என்று யூனிகோடே வரையறுத்திருக்கிறது, திரையிலும் வேறுபாடு தெரியாது; ஆனால் உங்கள் செயலி எண்களை அப்படியே ஒப்பிடுவதால் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பழைய எழுத்துருக்களில் கொம்பு, ககரம், கால் என மூன்றாக அடிப்பார்கள். யூனிகோடுக்கு மாற்றித் தரும் செயலி கொம்பைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, காலோடு சேர்க்காமல் விட்டால் இந்த நிலை உண்டாகும்.

நார்மல் முறையில் தேடும் கட்டத்தில் ‘ொ’வை இரு குறிகளாகவும், மாற்றும் கட்டத்தில் ஒரே குறியாகவும் இட்டு மாற்றுங்கள். கோப்பில் அகப்படாத ‘கொ’விலிருந்து படியெடுத்து ஒட்டுவதே எளிது; தட்டச்சு செய்தால் பலகை மீண்டும் ஒற்றைக் குறியையே தரக்கூடும். ‘ோ’வுக்கும் அவ்வாறே. பைத்தான் தெரிந்த நண்பர் இருந்தால், யூனிகோடேட்டா தொகுப்பிலுள்ள நார்மலைஸ் என்னும் செயற்கூற்றை, பிரிந்த குறிகளை ஒன்றுசேர்க்கும் என்எஃப்சி முறையில் இயக்கச் சொல்லுங்கள், ஒரே ஓட்டத்தில் எல்லாம் ஒருமைப்படும்.

ஆனால் ‘கௌரி’யை ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டுக் ‘கெளரி’ என்று அடித்திருந்தால் என்எஃப்சி அதைத் தொடாது, ஏனெனில் அந்த ளகரம் உண்மையான ளகரம் (2995). ஔகாரக் குறியின் பிற்பாதி வேறு (3031). அதை ஒரேயடியாக மாற்றப் புறப்பட்டு ‘தெளிவு’, ‘வெளி’ ஆகியவற்றைக் கெடுத்துவிடாதீர்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷன் முறையில் ெள(?![ா-்]) என்று தேடினால், உயிர்க்குறியோ புள்ளியோ பின்தொடராத ளகரங்கள் மட்டும் வரும், அவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள்.

மலர்க்குழு

பதினேழு இடங்கள் வந்தன. பதினான்கு இடங்களில் ‘பெளர்ணமி’யும் ‘கெளரி’யும், எஞ்சிய மூன்றும் சிறுகதையில் ஒரு பாட்டி பேசும் ‘கெளம்பு’. அவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.